நிற்கும் நார்

கறிக்கடைகளில் இறைச்சி வெட்டுவதற்கென்று வைத்திருக்கும் புளியமரக் கட்டையைப் பார்த்திராதவர்கள் நம்மில் அநேகமாக இருக்கமாட்டார்கள். ஆனால் அக்கட்டை எந்த வாக்கில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கருத்தூன்றிக் கவனித்தவர்கள் சிலரே. அடிமரத்தைக் குறுக்கே அறுத்து, மரம் மண்ணில் எப்படி நின்றதோ அப்படியே துண்டையும் நிறுத்தி, வட்டமாகத் தெரியும் அந்த வெட்டுமுகத்தின்மேல் கத்தி விழும்படியாகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். இந்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு பௌதிக நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை அறிந்துகொண்டோமானால், மேல்நாட்டுத் தச்சர்கள் இரு நிற மரங்களைச் சதுரங்கக் கட்டம்போல் இணைத்துச் செய்கிற அலங்காரமான காய்வெட்டும் பலகையின் சூக்ஷ்மம் முழுவதும் நமக்கு விளங்கிவிடும். அப்பலகையின் உழைப்புக்கு ஒரு காரணமும் அழகுக்கு வேறொரு காரணமும் இல்லை. இரண்டும் ஒரே மூலத்திலிருந்து, அதாவது மரத்தின் நார் நிற்கும் திசையிலிருந்து, பிறப்பவை என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்பும் செய்தி.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சிறு பரீக்ஷையோடு தொடங்குவோம். தென்னை ஈர்க்குகளை இறுகக் கட்டிய விளக்குமாறு ஒன்றை எடுத்து, தரையில் கிடத்தி, ஈர்க்குகளுக்குக் குறுக்கே கத்தியால் ஓங்கிப் போட்டால், மேலே கிடந்த ஈர்க்குகள் துண்டாகும். துண்டானவை மறுபடி ஒட்டுவதில்லை. அதே கட்டைச் செங்குத்தாக நிறுத்தி, நறுக்கிச் சமன்செய்த அடிமுனைகளின்மேல் கத்தியை இறக்கினால், கத்தி ஈர்க்குகளை விலக்கிக்கொண்டு இடையே நுழையும். கத்தியை எடுத்ததும், விலகியவை ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்துவிடும். முதல் நிலையில் காயம் கட்டுக்கும் உண்டு, கத்தியின் முனைக்கும் உண்டு. இரண்டாம் நிலையில் இரண்டுக்கும் சேதம் குறைவு. மரமும் இத்தகைய கட்டுத்தான். அதன் நார்கள் ஈர்க்குகளைப்போலத் தனித்தனியே நிற்காமல் லிக்னின் என்னும் இயற்கைப் பசையால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், கத்திக்கு அவை கொடுக்கும் இடம் மிகச் சிறியது. ஆயினும் நியாயம் ஒன்றே.

இந்த நார்க்கட்டின் உள்ளமைப்பை மனிதன் கண்ணால் கண்டது பதினேழாம் நூற்றாண்டில்தான். 1665ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றைத் தம் நுண்ணோக்கியில் வைத்து, தேனடைபோன்ற சிற்றறைகளைக் கண்டு அவற்றுக்குச் ‘செல்’ என்று பெயரிட்டார். 1682இல் நெஹெமையா குரூ என்னும் மற்றோர் ஆங்கிலேயர், தாவரங்களின் உள்ளமைப்பைப் பற்றி வெளியிட்ட பெருநூலில், மரங்களின் குறுக்குவெட்டு முகங்களை, ஒவ்வொரு குழலும் ஒவ்வொரு துளையும் தெரியும்படி, பெரிய சித்திரங்களாக வரைந்து காட்டினார். அச்சித்திரங்களில் தெரிவதையே இன்று நாம் ஒரு கைவில்லையைக் கொண்டு நன்றாக இழைத்த வெட்டுமுகத்தில் பார்க்கலாம். வேரிலிருந்து இலைக்கு நீரை ஏற்றிச் சென்ற குழல்கள் துளைகளாகத் தெரியும். அவற்றைச் சூழ்ந்து மரத்தைத் தாங்கி நின்ற நார்கள் நெருக்கமான புலமாகத் தெரியும். நடுவிலிருந்து பட்டையை நோக்கி மெல்லிய கதிர்க்கோடுகள் ஓடும். நார் ஒன்றின் நீளம் சுமார் 1 மில்லிமீட்டர். அதன் பருமனோ அதில் ஐம்பதில் ஒரு பங்கு. இத்தனை ஒல்லியான கோடானுகோடிக் குழாய்களை நிமிர்த்தி அடுக்கி வைத்ததே மரம்.

குழாய்கள் என்று நான் சொல்வது வெறும் உவமையன்று. என் மேஜையின்மேல், ஒரு விரற்கடை நீளமுள்ள செவ்வோக் மரத்துண்டு ஒன்று இருக்கிறது. அதன் ஒரு வெட்டுமுகத்தைத் தண்ணீர்க் கிண்ணத்தில் அமிழ்த்தி, மறு முகத்தில் வாய்வைத்து ஊதினால், தண்ணீரில் வரிசை வரிசையாகக் குமிழிகள் எழும்புகின்றன. திடப்பொருள் என்று நாம் எண்ணியிருந்ததன் ஊடே மூச்சு போய்விடுகிறது! வெள்ளோக் துண்டில் எவ்வளவு ஊதியும் ஒரு குமிழிகூட வருவதில்லை; அதன் குழல்களை, டைலோஸ் எனப்படும் மெல்லிய சவ்வுப் பைகள் உள்ளிருந்தே அடைத்துவிடுகின்றன. வெள்ளோக் மரத்தில் மதுப் பீப்பாய் செய்வதும், செவ்வோக் மரத்தில் செய்யாததும் இதனால்தான். காய்வெட்டும் பலகைக்கும் இதே நியாயம் பொருந்தும்: குழல் திறந்து பெருத்திருக்கும் மரத்தை நிமிர்த்தி வைத்தால், காய்கறியின் சாறெல்லாம் அடிவரை இறங்கிவிடும். ஆகையால் துளை நுண்ணியதாகவும் எங்கும் சமமாகப் பரவியதாகவும் உள்ள மரமே உகந்தது.

இனி, நின்ற வாக்கே சிறந்தது என்றால், கறிக்கடைக்காரரைப்போல அடிமரத்தின் ஒரு துண்டை அப்படியே வைத்துக்கொள்ளலாமே, ஏன் சிறு சிறு துண்டாக அறுத்து ஒட்டவேண்டும் என்று கேட்கத் தோன்றும். கறிக்கடைக் கட்டையையே உற்றுப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி விரிந்த வெடிப்பு பெரும்பாலானவற்றில் இருக்கும். இது மரத்தின் குற்றமன்று, வடிவகணிதத்தின் கட்டாயம். நாரின் சுவரில் செல்லுலோஸ் இழைகள் பெரும்பாலும் நெடுக்குவாக்கில் ஓடுகின்றன. ஈரம் அவ்விழைகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. வெளியேறினால் அவை நெருங்குகின்றன. ஆகவே மரம் பக்கவாட்டில் பருத்துச் சுருங்குமேயன்றி, நீளத்தில் நீள்வதும் குறுகுவதும் இல்லையென்றே சொல்லலாம். பக்கவாட்டிலும் எல்லாத் திசையும் சமமல்ல. அமெரிக்காவில், மேடிசன் நகரில், 1910இல் நிறுவப்பட்ட அரசாங்க மரப்பொருள் ஆராய்ச்சிக்கூடம் தொகுத்துள்ள அளவைகளின்படி, வன்மேப்பிள் மரம் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலர்ந்த நிலைக்கு வரும்போது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 4.8 சதவீதமும், வளையத்தைத் தழுவிய திசையில் 9.9 சதவீதமும் சுருங்குகிறது. சுற்றளவு, ஆரத்தைப்போல் இருமடங்கு விகிதத்தில் சுருங்கவேண்டுமென்றால், வட்டம் வட்டமாக நீடிக்க வழியில்லை. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 19 பாகை அளவுள்ள ஓர் ஆப்பு வடிவத்துக்கு இடைவெளி தேவைப்படுகிறது. அந்த இடைவெளிதான் ஒரே பெருவெடிப்பாகவோ பல சிறு வெடிப்புகளாகவோ வெளிப்படுகிறது. மரத்தை ஒல்லியான சட்டங்களாக அறுத்துவிட்டாலோ, ஒவ்வொன்றும் தன் போக்கில் தாராளமாகச் சுருங்கி அடங்கும். அடங்கிய பிறகு அவற்றைச் சேர்த்து ஒட்டினால் வெடிப்புக்கு இடமே இல்லை.

அமெரிக்காவில் இந்த மாற்றம் நடந்த கதையும் ருசிகரமானது. இல்லினாய் மாநிலத்து எஃபிங்ஹாம் நகரில் 1887இல் தோன்றிய ஜான் பூஸ் நிறுவனத்தார் சொல்லும் வரலாற்றின்படி, கொல்லுப் பட்டறை ஒன்றில் சம்மட்டி அடியின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக வைத்திருந்த சைகமோர் அடிக்கட்டையே, கசாப்புக்காரர் ஒருவர் கண்ணில்பட்டு, இறைச்சி வெட்டும் கட்டையாக மாறியது. நம் புளியமரக் கட்டையின் உடன்பிறப்பு அது. பின்னாளில் அங்கே முழுக் கட்டையின் இடத்தை, வன்மேப்பிள் துண்டுகளை நிமிர்த்தி ஒட்டிய கனத்த கட்டை பிடித்துக்கொண்டது; அலங்காரப் பலகை அதன் சிறிய வாரிசு.

வர்ண பேதத்துக்காக அந்நாட்டுத் தச்சர்கள் பெரிதும் நாடுவது இரண்டு மரங்களை: பாலாடை நிறமுள்ள வன்மேப்பிள், சாக்கொலேட் நிறமுள்ள கறுப்பு வால்நட். முன்னது, வசந்த காலத் தொடக்கத்தில் வடியும் நீரைக் காய்ச்சி மேப்பிள் பாகு எடுக்கிறார்களே, அந்த மரம். பின்னது, காஷ்மீரத்துச் செதுக்கு வேலைக்குப் பெயர்போன அக்ரோட்டு மரத்தின் நெருங்கிய உறவு. தொல்காப்பியர் தம் மரபியலில், புறத்தே வைரமுடையதைப் புல் என்றும் அகத்தே வைரமுடையதை மரம் என்றும் பிரித்தார். அந்தப் பாகுபாட்டின்படி மூங்கில் புல்லாகிறது. இன்றைய தாவர சாஸ்திரமும் மூங்கிலைப் புல்லினத்திலேயே வைத்திருக்கிறது. அகவைரத்துக்கு வால்நட் நல்ல திருஷ்டாந்தம். நீரேற்றும் தொழிலை விட்டு ஓய்ந்த உள்மரத்தில் மரம் பற்பல இரசாயனப் பொருள்களைச் சேமித்து வைக்கிறது. அதன் கருநிறம் அவற்றால் வந்தது. மேப்பிளிலோ தச்சர் விரும்பி எடுப்பது பட்டையை அடுத்த வெளிறான வெண்மரத்தை. ஆகவே பலகையில் நாம் காணும் இருநிறம், ஒரு மரத்தின் அகமும் மற்றொரு மரத்தின் புறமும் அருகருகே அமர்ந்த காட்சி.

நிறத்தில் எவ்வளவு வேறுபட்டாலும் ஸ்வபாவத்தில் ஒத்திருக்கவேண்டும் என்பது இத்தொழிலின் தலையாய விதி. 1906இல் கப்ரியேல் யாங்கா என்பவர் வகுத்த பரீக்ஷையில், 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு குண்டு ஒன்றை அதன் பாதி அளவு மரத்துக்குள் அழுத்துவதற்கு வேண்டிய விசையைக் கொண்டு மரத்தின் வன்மையை அளக்கிறார்கள். வன்மேப்பிளுக்கு அது 1450 பவுண்டு, கறுப்பு வால்நட்டுக்கு 1010. இரண்டும் தினசரி வெட்டுக்கு ஈடுகொடுக்கும். இரண்டுமே கத்தியின் கூரை மழுக்குமளவு வன்மையானவையல்ல. வால்நட்டின் சுருக்கம் இரு திசைகளிலும் முறையே 5.5, 7.8 சதவீதம், சராசரி பார்த்தால் மேப்பிளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. வேகமாகப் பருக்கும் மரத்தையும் பருக்கவே மறுக்கும் மரத்தையும் ஒட்டினால், ஒவ்வொரு மழைக்காலமும் பசைக்கோட்டின்மேல் ஒரு சோதனையாகிவிடும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். 40 மில்லிமீட்டர் அகலமும் அதே கனமும் 600 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சட்டங்கள், மேப்பிளில் நான்கும் வால்நட்டில் நான்கும் வேண்டும். மூலமட்டம் வைத்துப் பார்த்தால் ஒளிக்கீற்றுக்கூட நுழையாதபடி நான்கு பக்கமும் செங்கோணமாக இழைத்து, கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும்படி அடுக்கி, பசை தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கினால், 320 மில்லிமீட்டர் அகலத்தில் கோடுபோட்ட துணிபோல ஒரு பலகை உருவாகும். பசை நன்றாக உலர்ந்தபின் இதைக் குறுக்கே 45 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டாக அறுக்கவேண்டும். ஒவ்வோர் அறுப்புக்கும் ரம்பம் 3 மில்லிமீட்டரைத் தின்றுவிடும் என்பதால் பன்னிரண்டு துண்டுகள் கிடைக்கும். இப்போது துண்டு ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பி, அறுத்த முகம் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துகிறோம். அதுவரை படுத்துக் கிடந்த நார் எல்லாம் அந்த ஒரு திருப்பலில் எழுந்து நிற்கின்றது. கோடுகள் மறைந்து சதுரங்கள் தோன்றுகின்றன. ஒன்றுவிட்டு ஒன்றாகத் துண்டுகளைத் தலைமாற்றி வைத்தால், கறுப்புக்குப் பக்கத்தில் வெளுப்பு வந்து, 480க்கு 320 மில்லிமீட்டரில் 96 கட்டங்கள் அமைந்துவிடும். சட்டங்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கவேண்டியதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது: ஏழோ ஒன்பதோ வைத்தால் இரு முனைகளிலும் ஒரே நிறம் நிற்கும், தலைமாற்றினாலும் உருவம் மாறாது, சதுரங்கம் பிறக்காது.

பசையைப் பற்றி ஒரு சந்தேகம் எழக்கூடும். வெட்டுமுகத்தோடு வெட்டுமுகத்தை ஒட்டினால் இணைப்பு நிலைக்காது என்பது தச்சர்களின் அநுபவம். திறந்த குழல்கள் பசையை உறிஞ்சிவிடுவதால் இணைப்பில் பசை வற்றிப்போகிறது. ஆனால் நம் பலகையில் வெட்டுமுகங்கள் மேலும் கீழுமே இருக்கின்றன. ஒட்டப்படுவன எல்லாம் நாரின் பக்கச்சுவர்கள். தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வீரர்களைப்போல நிற்கும் அந்த நார்களின் பிணைப்பு, மரத்தின் சொந்தப் பிணைப்புக்குச் சற்றும் இளைத்ததன்று. பழைய நாளில் நம் தச்சர்கள் பயன்படுத்திய வச்சிரம், தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சியது. நாற்காலிக்கு உயர்ந்தது, ஆனால் தண்ணீரில் இளகிவிடும். தினமும் கழுவப்படும் பலகைக்கு, 1912இல் ஜெர்மனியில் பிரிட்ஸ் கிளாட்டே கண்டுபிடித்த பாலிவினைல் அசிடேட்டின் வழியில் வந்த, நீரைத் தாங்கும் வெண்பசைகளே ஏற்றவை.

இத்தகைய பலகையைச் சமன்செய்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. இழைப்பு இயந்திரத்தில் அப்படியே செலுத்தினால், பின்விளிம்பில் நிற்கும் நார்களுக்கு முட்டுக்கொடுக்க எதுவுமின்றி, அவை கொத்தாகப் பெயர்ந்து தெறிக்கும்; ஆட்களுக்கே அபாயம். ஆகவே சறுக்குச் சட்டத்தில் பொருத்திய ரௌட்டரால் மெல்ல மெல்லச் சுரண்டியோ, பொறுமையாகத் தேய்த்தோதான் சமனாக்கவேண்டும். உப்புத்தாளில் 80ஆம் எண்ணில் தொடங்கி, 120, 180, 220 என்று படிப்படியாக ஏறி, நடுவே ஒருமுறை தண்ணீர் தெளித்து, எழும்பும் இழைகளை உலர்ந்தபின் மறுபடி தேய்த்துவிடுவார்கள். வேலையில் மிக நீண்ட பகுதி இதுவே.

நான் முதன்முதலில் கண்ட இத்தகைய பலகை ஒன்றுக்கு, செய்தவர் ஆசையோடு நாற்புறமும் தேக்குச் சட்டம் பூட்டியிருந்தார். ஐப்பசி மழை பிடித்த இரண்டாம் வாரத்தில் அதன் ஒரு மூலை விரல் நுழையுமளவு திறந்துகொண்டது. பசையோ கைத்திறமையோ அதற்குக் காரணமன்று. நார் நிற்கும் பலகையில் நீளமும் அகலமும் இரண்டுமே நாருக்குக் குறுக்கான திசைகள். ஆகையால் அது இரு பக்கமும் பருக்கும். காற்றின் ஈரத்தால் மரத்திலுள்ள நீர் 4 சதவீதம் கூடினாலே, நாம் மேலே செய்த மேப்பிள்–வால்நட் பலகை 320 மில்லிமீட்டர் அகலத்தில் 3 மில்லிமீட்டரும், 480 மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீட்டரும் விரியும். நார் படுத்திருக்கும் சட்டமோ தன் நீளவாக்கில் ஒரு தலைமயிரின் கனமளவே நீளும். ஈரத்தில் பருக்கும் மரத்தின் பலம் பாறையையும் பிளக்கவல்லது. நான்கு மூலை இணைப்புகள் அதற்கு எம்மாத்திரம்? அலங்காரத்துக்கு விளிம்பு வேண்டுமென்றால் அந்த விளிம்பிலும் நார் நின்றே ஆகவேண்டும்.

கடைசியில் எண்ணெய் இடும் தருணம் வருகிறது. நம் வீட்டு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நாளடைவில் காற்றோடு கூடிக் காறல் வாடை அடிக்கும்; ஆகவே, மருந்துக் கடைகளில் லிக்விட் பாரஃபின் என்ற பெயரில் கிடைக்கும், பிராணவாயுவுக்கு எளிதில் இடங்கொடாத தாது எண்ணெயையே தேர்ந்தெடுக்கிறார்கள். தேய்த்து முடித்த பலகை சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடக்கும். ஒரு கரண்டி எண்ணெயை வார்த்துத் துணியால் பரப்பியதும், வால்நட் கட்டங்கள் ஈரமண்போல் கறுக்கின்றன. மேப்பிள் கட்டங்களில் தேன்நிறம் ஊறுகிறது. எண்ணெய் நிறத்தைக் கொண்டுவரவில்லை. உலர்ந்த மரத்தின் நுண்குழாய்களில் காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, நார்ச்சுவரின் எண் ஏறக்குறைய 1.53. இவ்வளவு வேறுபாடு இருப்பதால், ஒளி ஒவ்வொரு சுவரிலும் மோதிச் சிதறி, உள்ளே போகாமலே திரும்பிவிடுகிறது. 1.47 அளவுள்ள எண்ணெய் அக்குழாய்களை நிரப்பியதும் வேறுபாடு தேய்ந்து, ஒளி ஆழமாக இறங்கி, மரத்தின் சொந்த நிறத்தில் தோய்ந்து வெளிவருகிறது. நனைந்த துணி கறுத்துத் தோன்றுவதும் இதனால்தான். நிறப்பொருள் மிகுந்த வால்நட் அதிகம் கறுக்க, நிறப்பொருள் குறைந்த மேப்பிள் சிறிதே மாற, இரண்டுக்கும் இடையேயுள்ள வேற்றுமை முன்னிலும் பெருகுகிறது. வாய்திறந்த குழாய்கள் மேல்நோக்கி நிற்பதால்தான் எண்ணெய் இவ்வளவு ஆழம் இறங்குகிறது. படுத்த பலகையில் இந்த ஆழம் கிட்டாது.

இப்படித் திறந்த குழல்களில் நோய்க்கிருமிகள் குடியேறாவா என்னும் கவலை நியாயமானதே. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டீன் கிளிவரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து, 1994இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மரப்பலகைகளின்மேல் இட்ட பாக்டீரியாக்கள் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டன. உள்ளே சென்றவை பெருகவில்லை, காலப்போக்கில் மடிந்தன. கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக் பலகைகளிலோ, அவற்றைக் கையால் கழுவி நீக்குவது கடினமாக இருந்தது. கழுவாமலே விட்டுவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. சோப்பும் வெந்நீரும் கொண்டு உடனே கழுவுவதும், இறைச்சிக்கும் பச்சைக் காய்கறிக்கும் வேறு வேறு பலகை வைத்துக்கொள்வதும் எப்போதும் அவசியம்.

கழுவியபின் பலகையை மேடைமேல் படுக்கப் போட்டுவிடாமல், விளிம்பின்மேல் சாய்த்து நிறுத்துங்கள். படுத்திருந்தால் மேல்முகம் மட்டும் உலர்ந்து சுருங்க, ஈரம் தங்கிய அடிமுகம் பருத்தே நிற்க, பலகை கிண்ணம்போல் வளையும். இரு முகங்களுக்கும் காற்று சமமாகக் கிடைத்தால், ஒவ்வொரு நாரும் தன் இரு வாய்களாலும் ஈரத்தை விட்டு ஒன்றாகவே அடங்கும். மாதம் ஒருமுறை, கட்டங்கள் மங்கத் தொடங்கும்போது, ஒரு கரண்டி எண்ணெய் போதும். நிறம் மங்குவது அழகு குறைவதன் அடையாளம் மட்டுமன்று. குழாய்களில் எண்ணெய் வற்றிக் காற்று புகுந்துவிட்டது, இனி அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும் என்று மரம் நமக்குத் தரும் அறிவிப்பும் அதுவே. கண்ணுக்கு அழகாக இருக்கும்வரையில் அப்பலகை காரியத்துக்கும் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம்.